மேட்டூர் அணையில் நானூறு அடி

என்னைச் சட்டப்பேரவையின் ஒலிபரப்புக் குழுவில் போட்டதற்கு ஒரே காரணம், அரசியலுக்கு வருவதற்கு முன் நான் ஆலங்காட்டில் மைக் செட் வைத்திருந்தேன் என்பதுதான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிப் பொதுக்கூட்டம், எதுவானாலும் சுடலையாண்டி சவுண்ட் சர்வீஸ். எல்லாக் கட்சிக்கும் ஒலிபெருக்கி கட்டிக் கட்டி எல்லாருடைய பேச்சும் எனக்கு மனப்பாடம். ஒரு தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் உள்சண்டையில் வேட்பாளரை மாற்றி மாற்றி அறிவித்துக்கொண்டிருக்க, சுயேச்சையாக நின்ற நான் ஜெயித்துத் தொலைத்தேன். ஜனங்கள் மற்ற எல்லாரையும் வேண்டாம் என்றார்கள். மிச்சம் நான் இருந்தேன்.

"உங்களுக்குத்தான் மைக்கைப் பத்தித் தெரியுமே" என்று சொல்லிக் குழுவில் ஐந்தாவது ஆளாகச் சேர்த்தார்கள். ஆளுங்கட்சிக்கு இரண்டு பேர், எதிர்க்கட்சிக்கு இரண்டு பேர், நடுவில் நான். மேசையில் என் இருக்கைக்கு நேர் மேலேதான் ஏசி. எல்லாத் தரப்புக் குளிரும் என் மேல்தான் விழும்.

குழுவின் வேலை இதுதான். மக்கள் ஒலிபரப்புக் கழகத்துக்குத் தலைமை இயக்குநராக யாரை நியமித்தாலும், அவரை நாங்கள் ஐந்து பேரும் பொதுவில் உட்காரவைத்துக் கேள்வி கேட்க வேண்டும். எங்கள் ஒப்புதல் இல்லாமல் நாற்காலி கிடையாது. கேள்வி கேட்கும்போது மக்களின் கவனத்தை அவர் எவ்வளவு ஈர்த்திருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி இருந்தது. கவனத்தை அளக்கக் கவனமானி இருந்தது.

கவனமானி வருவதற்கு முன்பெல்லாம், டிவி ஓடினால் பார்க்கிறார்கள் என்று கணக்கு. வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போய்ப் பூனை மட்டும் சோபாவில் படுத்திருந்தாலும் கணக்கு. கவனமானி அப்படி ஏமாறாது. தேங்காய்ச் சில்லு அளவுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. அது யாரையும் படம் பிடிக்காது, பேச்சைக் கேட்காது. அறைக்குள் கண்ணுக்குத் தெரியாத அலைகளை அனுப்பி, இருப்பவர்களின் மூச்சு, இதயத் துடிப்பு, இமைக்கும் வேகம் மூன்றையும் வாங்கி, மனம் ஒன்றில் நிற்கிறதா, நூறு பக்கம் அலைகிறதா என்று சொல்லிவிடும். நின்றால் பச்சை விளக்கு, அலைந்தால் மஞ்சள். மாநிலம் முழுக்கப் பத்தாயிரம் வீடுகளில் மாட்டியிருந்தார்கள். எந்தெந்த வீடு என்பது ரகசியம். அரசியல்வாதி வீட்டில் மாட்டவே கூடாது என்பது விதி.

பெட்டி வந்த பிறகு தொலைக்காட்சி உலகம் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. சீரியலில் கவனம் குறைந்தால் அந்த நிமிடமே கதாசிரியருக்குத் தகவல் போகும். அவர் பதறிப்போய் யாரையாவது மாடியிலிருந்து தள்ளிவிடுவார். செய்தி வாசிப்பவர்கள் நின்றுகொண்டு கத்தினார்கள். வானிலை சொல்லும் பெண் ஒருநாள் தூறலுக்கே அழுதுவிட்டாள். இவ்வளவு செய்தும் எண்கள் ஏறவில்லை. ஜனங்கள் டிவியைப் போட்டுவிட்டுக் கையில் இருக்கிற போனைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேரவையில் என் கன்னிப்பேச்சுக்கு எவ்வளவு என்று நானும் ஆசையாகக் கேட்டேன். கழகத்தின் ஆய்வுப் பிரிவுத் தலைவி டாக்டர் கயல்மதி இளம்பெண், மனசு நோகப் பேசத் தெரியாதவர். "பத்தாயிரத்துல ஒரே ஒரு வீட்டுல மட்டும் முழுக் கவனம் சார்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்தப் பெட்டி பழுதாக்கூட இருக்கலாம்" என்று ஆறுதலும் சொன்னார்.

இந்தச் சூழ்நிலையில்தான் எஸ்தர் தங்கபுஷ்பத்தின் பெயர் எங்கள் முன் வந்தது.

அவர் கழகத்தின் தற்காலிக இயக்குநர். நாசரேத்துக்காரர். வானொலியில் அறிவிப்பாளராகச் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். இரண்டு வருஷத்துக்கு முன் மாலை ஏழரை மணி நிகழ்ச்சியைத் தயாரித்தவர் கோபித்துக்கொண்டு போய்விட, அந்த ஒரு மணி நேரத்தை நிரப்பக் கழகத்தில் பணமும் இல்லை, ஆளும் இல்லை. எஸ்தர் அம்மா ஒரு கேமராவைக் கொண்டுபோய் மேட்டூர் அணைக்கு எதிரே நட்டுவைத்துவிட்டார். பகலில் பிடித்ததுதான் ஏழரைக்கு ஓடும். தண்ணீர் தெரியும், மேலே ஆகாயம் தெரியும், எப்போதாவது ஒரு கொக்கு வரும். அவ்வப்போது அவரே மெதுவான குரலில் ஒவ்வோர் அணையின் நீர்மட்டத்தையும் வாசிப்பார். இசை கிடையாது. நிகழ்ச்சியின் பெயர், 'இன்றைய நீர்மட்டம்'.

அதற்குக் கவனமானி கொடுத்த மதிப்பெண் நூற்றுக்கு எண்பத்து நான்கு. அதற்கு அடுத்த இடத்தில் இருந்த சீரியலுக்கு முப்பத்தொன்று. அந்தச் சீரியலில் மணப்பெண் சிறுத்தையோடு முகூர்த்தத்துக்கு வந்திருந்தாள்.

"இது என்னய்யா கூத்து?" என்றார் எங்கள் குழுத் தலைவர் வேதமூர்த்தி. ஆளுங்கட்சியின் மூத்த உறுப்பினர். தஞ்சாவூர்ப் பக்கம். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் தட்டுவார். "தண்ணியை யாருய்யா ஒரு மணி நேரம் பாப்பா? அந்தத் தண்ணிகூட ஆடலையே! பெட்டியை நோண்டியிருக்காங்க. வேற என்ன?"

அவர் பக்கம் வேறொரு வேட்பாளர் இருந்தார். நிரஞ்சன் என்று தனியார் சேனல்காரர். சிறுத்தை அவருடைய யோசனைதான். தான் வந்தால் அணையைத் தூக்கிவிட்டு அங்கே நடனப் போட்டி வைப்பதாகச் சொல்லியிருந்தார்.

"திங்கட்கிழமை விசாரணைல அந்தம்மா விளக்கம் சொல்லட்டும்" என்றார் தலைவர். "சொல்ல முடியலன்னா பதவி மட்டுமில்ல, மோசடின்னு போலீஸுக்கே எழுதிடுவேன்."

எதிர்க்கட்சியார் இருவரும் எஸ்தர் அம்மா பக்கம். என் ஓட்டு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தீர்ப்பு. அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு வெள்ளிக்கிழமை ரயிலேறினேன்.

எங்கள் வீடு ஆலங்காட்டில்தான். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் படிக்கிறாள். நான் பேரவை, குழு, தொகுதி என்று அலைவதால் வீட்டில் இருப்பது மாதத்துக்கு ஒன்றிரண்டு நாள். என் மனைவி பேச்சித்தாய் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. அவள் பேர்தான் பேச்சி.

சனிக்கிழமை சாயங்காலம் விசாரணைக்குத் தயாராவோமே என்று அணையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் சும்மா கிடந்தது. கொஞ்ச நேரம் போனைப் பார்த்தேன். திரையில் எதுவும் நடக்காததால், எதையோ தவறவிடுகிறோம் என்ற பதற்றம் மெல்ல அடங்கி, போனும் அலுத்துப்போனது. கீழே வைத்தேன்.

"பக்கத்து வீட்டு ஆவுடை மகளுக்கு மாப்பிள்ளை பாத்திருக்காவ" என்றாள் பேச்சி.

"எந்த ஊரு?"

அவ்வளவுதான் கேட்டேன். மாப்பிள்ளையின் ஊரில் தொடங்கி, அவனுடைய அம்மாவின் வாய், கொழுந்தியாளின் மூட்டுவலி, கம்மாய்க்கரையில் புதிதாக வந்திருக்கிற புரோட்டாக் கடை என்று பேச்சு எங்கெங்கோ போய், மகளுக்கு விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இரண்டு வாரம் படுத்துக் கிடந்தாள் என்பதில் வந்து நின்றது.

"என்கிட்ட ஏன்ளா சொல்லல?"

"எப்பச் சொல்ல? போன் பண்ணுனா 'கூட்டத்துல இருக்கேன்'ங்கிய."

அந்த நேரம் பார்த்து மின்விசிறிக் காற்றில் சுவரிலிருந்த முருகன் காலண்டர் தூக்கியது. பின்னால் பச்சையாக ஏதோ பளிச்சென்றது. எழுந்து போய்க் காலண்டரை விலக்கினேன். தேங்காய்ச் சில்லு.

"ஏளா பேச்சி, இது இங்க எப்படி வந்துச்சு?"

"அதுவா?" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு பிள்ளைய வந்துச்சுவ. மாட்டிக்கிட்டா கிரைண்டர் தருவோம்னுச்சுவ. நம்ம கிரைண்டர்தான் கல்லு தேஞ்சு கெடந்துச்சுல்லா."

"எம்.எல்.ஏ. வீட்டுல மாட்டக் கூடாதே! கேக்கலியா அதுக?"

"கேட்டுச்சுவ, வீட்டுக்காரர் என்ன வேலன்னு. மைக் செட்டுன்னேன்."

"மைக் செட்டா? நான் ஜெயிச்சு மூணு வருஷமாச்சு!"

"வந்த பிள்ளையள்ட்ட அரசியல்வாதின்னு எப்படிச் சொல்ல? வெக்கமா இருக்காதா?"

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். ஆனால் கண் மட்டும் அந்தச் சிறு விளக்கிலேயே இருந்தது. நான் உட்கார்ந்ததும் மஞ்சளாக மங்கியிருந்த விளக்கு, அவள் "காப்பி தரட்டா? முகம் வாடிப்போச்சே" என்றதும் பச்சையானது. ரிமோட்டை எடுத்துச் சிறுத்தைச் சீரியலை வைத்தேன். மஞ்சள். மறுபடி அணையை வைத்து, பேச்சியிடம் புரோட்டாக் கடையைப் பற்றிக் கேட்டேன். பச்சை. அணையை இருவருமே பார்க்கவில்லை.

கயல்மதிக்குப் போன் செய்து, யார் வீடு என்று சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் இரண்டு முறை அதையே திரும்பச் சொல்லச் சொன்னார்.

"சார்" என்றார் கடைசியில், "பெட்டிக்கு அறையில கவனம் இருக்கா இல்லையான்னுதான் தெரியும். எது மேலன்னு தெரியாது. டிவி ஓடுது, கவனம் இருக்கு, அப்போ டிவி மேலதான்னு நாங்க எடுத்துக்கிட்டோம்."

"ஏன் அப்படி எடுத்தீங்க?"

"நாங்க டிவிக்காரங்க சார். வீட்டுல டிவி ஓடும்போது மனுஷங்க ஒருத்தரை ஒருத்தர் பாப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல." காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ஆனா இதை நிரூபிக்க ஒரு வீடாவது வெளிய வந்து சொல்லணும். மாதிரி வீடுகள் ரகசியம். நான் யாரையும் கூப்பிட முடியாது. கூப்பிட்டா எனக்கு ஜெயில்."

ஆக, எஸ்தர் அம்மாவைக் காப்பாற்றக்கூடிய ஒரே சாட்சி என் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் இருந்தது. அதை நான் வெளியே சொன்னால், விதியை மீறிய வீட்டுக்காரன் என்று குழுவிலிருந்து என்னை இறக்கிவிடுவார்கள். என் ஓட்டு போகும். இரண்டுக்கு இரண்டு ஆகும். அப்போது தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு. தலைவரோ போலீஸுக்குக் கடிதமே தயார் செய்து வைத்திருக்கிறார். வாயை மூடிக்கொண்டு ஓட்டுப் போட்டால் அந்தம்மாவுக்குப் பதவி கிடைக்கும், ஆயுசுக்கும் திருடி என்ற பெயரோடு.

ஞாயிற்றுக்கிழமை ரயிலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. மேல் படுக்கைக்காரர் விட்ட குறட்டையும் ஒரு காரணம்.

திங்கட்கிழமை விசாரணை அரங்கு நிறைந்திருந்தது. எஸ்தர் தங்கபுஷ்பம் வெள்ளையில் நீலக்கரை வைத்த பருத்திப் புடவையில் வந்து உட்கார்ந்தார். முன்வரிசையில் நிரஞ்சன், இப்போதே பதவி ஏற்றுக்கொண்டவர் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த பெரிய திரையில், சான்றுக்காக, அணை ஓடிக்கொண்டிருந்தது.

"நேரடியாவே கேக்குறேன்" என்றார் வேதமூர்த்தி. "பெட்டியை நோண்டினீங்களா?"

"இல்ல ஐயா."

"அப்ப ஜனங்க விரும்பி இதைப் பாக்குறாங்களா?"

"பாக்கலன்னுதான் நெனைக்கேன் ஐயா."

அரங்கில் சிரிப்பு. தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "பாக்கலன்னா எண்பத்து நாலு எங்கேருந்து வந்துச்சு?"

எஸ்தர் அம்மா திரையில் ஓடிய அணையைப் பார்த்தார். நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். கை மட்டும் புடவைத் தலைப்பைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தது. தலைவர் பக்கத்திலிருந்த உதவியாளரைப் பார்த்துத் தலையசைத்தார். உதவியாளர் ஓர் உறையை எடுத்தார்.

நான் மைக்கை ஆன் செய்தேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பேசுவதற்காக மைக் ஆன் செய்தவன். எனக்காக ஆன் செய்தபோதும் பழக்கத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தேன்.

"தலைவர் ஐயா, என் வீட்டுல ஒரு கவனமானி இருக்கு."

எங்கும் சலசலப்பு. "உம்ம வீட்டுலயா? எம்.எல்.ஏ. வீட்டுலயா?"

"ஆமா. என் சம்சாரம் என்னை மைக் செட்டுக்காரர்னு சொல்லிட்டா."

எல்லாவற்றையும் சொன்னேன். கிரைண்டர், முருகன் காலண்டர், அரசியல்வாதி என்று சொல்ல அவள் வெட்கப்பட்டது, ஆவுடை மகள் கல்யாணம், என் மகள் விடுதியில் படுத்துக் கிடந்தது எனக்குத் தெரியாமல் போனது, அணை ஓடுகிறபோது தெரியவந்தது. நிரஞ்சன்கூடச் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்திருந்தார்.

பின்வரிசையிலிருந்து கயல்மதி எழுந்தார். "ஐயா, ஒரு நிமிஷம். நான் ஒரு பெட்டி கொண்டு வந்து காலைலயே உங்க மேசை மேல வெச்சேன். எல்லாரும் அதைப் பாருங்க."

பார்த்தோம். பச்சை எரிந்துகொண்டிருந்தது.

"காலைல தலைவர் ஐயா விதிகளை வாசிச்சப்ப மஞ்சளா இருந்துச்சு. மன்னிக்கணும் ஐயா. இவர் வீட்டுக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சதும் பச்சையாச்சு. திரையில அணைதான் ஓடுது. கணக்குப்படி இந்த அரங்கம் முழுக்க இப்ப மேட்டூர் அணையைத்தான் ரசிச்சுக்கிட்டிருக்கு."

யாரோ கை தட்டினார்கள். தலைவர் முறைத்ததும் நின்றது. "சுடலையாண்டி, விதிப்படி நீங்க இனிமே இந்த மேசையில உக்கார முடியாது" என்றார். குரலில் கோபம் குறைந்திருந்தது. நான் எழுந்து போய்ப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தேன். அங்கே ஏசி நேராக மேலே விழவில்லை என்பது ஒரு நிம்மதி.

தலைவர் எஸ்தர் அம்மாவின் பக்கம் திரும்பினார். "யாரும் பாக்கலன்னு உங்களுக்கு முன்னமே தெரியும் போல?"

"சந்தேகம் இருந்துச்சு ஐயா. ஒருநாள் சோதிச்சுப் பாத்தேன். மேட்டூர் அணையில் இன்று நானூறு அடின்னு வாசிச்சேன்."

"நானூறா! அணையே நூத்திருபது அடிதானேம்மா?"

"ஆமா ஐயா. ஒரு விவசாயி, ஒரு இன்ஜினீயர், எங்க ஆபீஸ்ல ஒருத்தர், யாருமே கண்டுக்கல. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அதையும் யாரும் கேக்கல."

"அப்புறம் ஏம்மா நிறுத்தல?"

எஸ்தர் அம்மா முதல் தடவையாகச் சிரித்தார். "எங்க வீட்டுல நானும் அவரும் பேசிக்கிடறதே அபூர்வம் ஐயா. நான் முன்கூட்டிப் பதிவு பண்ணி வைக்கிற நாள்ல ஏழரைக்கு வீட்டுல இருப்பேன். அணையைப் போட்டுக்கிட்டா அவர் பேசுவார். ஒரு வீட்டுல அப்படி நடந்தா நாலு வீட்டுலயும் நடக்கும்தானே? அதைக் கெடுக்க மனசு வரல." சுருட்டிய தலைப்பை விட்டுவிட்டார். "இன்னொரு காரணமும் உண்டு. நானூறு அடின்னு சொன்ன அன்னிக்கு ஒரே ஒரு போன் வந்துச்சு. ஒரு அம்மா. 'மைக் செட்டுக்காரர் வீட்டுல இருந்து பேசுதேன், நானூறு அடின்னா சேலமே முங்கிருமே தாயி, ஒழுங்காப் பாத்து வாசி'ன்னாங்க."

அது எங்கள் வீட்டுப் பேச்சு.

"நீங்க தெனமும் கேப்பீங்களாம்மான்னு கேட்டேன். 'பிள்ளை விடுதில, அவுக மெட்ராஸ்ல, ஏழரைக்கு வீட்டுல உன் சத்தம் ஒண்ணுதான் தாயி'ன்னாங்க. நிறுத்துனா அந்த ஒரு ஆளுக்கு என்ன பதில் சொல்ல?"

அரங்கில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை என்று சொல்ல ஆசைதான். எல்லாரும் பார்த்தார்கள்.

ஓட்டெடுப்பு நடந்தது. எதிர்பார்த்தபடி இரண்டுக்கு இரண்டு. மிச்சம் இருந்தது தலைவரின் இன்னொரு ஓட்டு. தலைவர் கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"சட்டத்துல மக்களோட கவனம்னுதான் எழுதியிருக்கு. டிவி மேலன்னு எழுதல" என்றார். "இன்னொண்ணு. எங்க வீட்டு மாப்பிள்ளை கல்யாணமாகி நாலு வருஷமா எங்கிட்ட வாயே தொறக்காம இருந்தாரு. ஆறு மாசமாத்தான் பேசுறாரு. அது ஏன் ஏழரை மணிக்குன்னு இப்பத்தான்யா எனக்குப் புரியுது." அணையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். "ஒப்புதல்."

உதவியாளர் உறையைத் திரும்ப உள்ளே வைத்தார். நிரஞ்சன் எஸ்தர் அம்மாவுக்குக் கை கொடுத்துவிட்டு, அந்த அணைக் கேமரா என்ன விலை என்று விசாரித்தார்.

என்னைக் குழுவிலிருந்து நீக்கிய உத்தரவு சாயங்காலமே வந்துவிட்டது. சட்டமன்ற விடுதியில் தனியாக உட்கார்ந்து ஏழரைக்கு அணையைப் போட்டேன். பேச்சிக்குப் போன் செய்தேன்.

"என்ன இந்நேரத்துக்கு? கூட்டம் இல்லியா?"

"இல்ல. குழுவுல இருந்து தூக்கிட்டாவ."

"கிரைண்டரையும் கேப்பாவளோ?"

"பெட்டியை நாளைக்கு வந்து கழத்துவாவ. கிரைண்டர் பத்தி ஒண்ணும் சொல்லல." டிவி சத்தத்தைக் குறைத்தேன். "நீ டிவிக்கார அம்மாகிட்டப் பேசுனியாமே?"

"யாரு சொன்னா? அந்தத் தங்கபுஷ்பமா? நல்ல பிள்ளை. கணக்குதான் தெரியல."

"தெனமும் அதையேதான் பாப்பியா?"

"வேற என்ன செய்ய? நல்லா இருக்கும். கொக்கு வரும். நீங்க மொதத் தடவை சபையில பேசுனியளே, அதையும் இப்படித்தான் அசையாமப் பாத்தேன். என்ன பேசுனியன்னுதான் வெளங்கல."

பத்தாயிரத்தில் ஒரு வீடு. பழுதாக இருக்கலாம் என்று கயல்மதி சொன்ன பெட்டி. வாரா வாரம் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னேன். அவள் நம்பவில்லை. மகளுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆவுடை வீட்டுக் கல்யாணத்துக்குப் பழைய ஒலிபெருக்கிகளைத் தூசி தட்டி நானே கட்டித் தருகிறேன் என்றேன். அதற்கு அவள் சிரித்த சிரிப்பைப் பெண் பார்க்கப் போன நாளில் ஒருமுறை கேட்டிருக்கிறேன். மாப்பிள்ளையின் அம்மா என்ன சொன்னாள் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். என் திரையில் கொக்கு வந்தது. போனது.

"பேச்சி, காலண்டருக்குப் பின்னால என்ன கலரு?"

"பச்சைதான். ஏன்?"

"சும்மாக் கேட்டேன். சரி, இன்னிக்கு மேட்டூர் எத்தனை அடின்னாவ?"

அந்தப் பக்கம் கொஞ்சம் திகைத்த மாதிரி இருந்தது.

"தெரியலியே" என்றாள். "நீங்க பேசிக்கிட்டே இருந்தியளா, காதுல விழல."